பிஎச் 7-ல் மூவிழை டிஎன்ஏவின் மூன்றாம் இழை நிற்பதே இல்லை. எந்தச் சிறு மூலக்கூறு உதவும்?

கவின்:
முதுகலை ஆய்வுக்காக மூவிழை டிஎன்ஏவின் (ஈரிழைச் சுருளின் பள்ளத்தில் மூன்றாவதாக ஓர் இழை ஒட்டியது) உருகுநிலையை, அதாவது இழைகள் பிரியும் வெப்பநிலையை, 260 நானோமீட்டரில் அளக்கிறேன். மூன்றாம் இழையில் டி (தைமின்), சி (சைட்டோசின்) என்ற பேஸ்கள் இரண்டும் உண்டு. நடுவில் மூன்று சி அடுத்தடுத்து வருகின்றன. பிஎச் 5.5-ல் வளைவு இரண்டு படியாக ஏறுகிறது: முதலில் மூன்றாம் இழை கழல்கிறது, பிறகு ஈரிழைச் சுருள் பிரிகிறது. 7.2-க்குப் போனால் முதல் படியைக் காணவே காணோம். டிஎன்ஏ பேஸ்களுக்கு இடையில் செருகிக்கொள்ளும் சாயமான எத்திடியம் புரோமைடு போட்டால் நிற்கும் என்கிறார்கள். போடலாமா?

தாமரை:
எத்திடியம் வேண்டாம் கவின். டி-யும் ஏ-யும் (அடினின்) மட்டுமே உள்ள மூவிழையை அது நன்றாகத் தாங்கும். உங்களிடம் சி இருக்கிறதே! மூன்றாம் இழை ஈரிழையோடு ஒட்டும் ஹூக்ஸ்டீன் பிணைப்புக்கு அந்த சி ஒரு புரோட்டானை ஏற்றாக வேண்டும். ஏற்றதும் நேர்மின்சுமை வந்துவிடும். நேர்மின்சுமை கொண்ட எத்திடியம் அதன் பக்கத்தில் எப்படி ஒட்டும்? போதாக்குறைக்கு ஈரிழையிலும் போய்ச் செருகிக்கொள்ளும்.

முதலில் இழையைச் சரிசெய்யுங்கள். அடுத்தடுத்த மூன்று சி-யும் ஒன்றையொன்று தள்ளும். சி-க்கள் விலகி இருக்கும் இலக்கு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் எல்லாவற்றையும் 5-மெத்தில்சைட்டோசினாக (மெத்தில் தொகுதி ஏறிய சி) மாற்றி வாங்குங்கள். பஃபரில் 10 மில்லிமோலார் மெக்னீசியமும் சேருங்கள், பாஸ்பேட்டுகளின் எதிர்மின் நெருக்கடி தணியும்.

அதற்குப் பிறகு பென்சோபிரிடோஇண்டோல் வகையைப் பாருங்கள். 1992-ல் பிரெஞ்சுக் குழு வெளியிட்டது. நான்கு வளையங்கள் கொண்ட அகலமான தட்டை மூலக்கூறு. மூன்று பேஸ்களின் மேலும் படர்ந்து உட்காரும். ஈரிழையில் அவ்வளவு பரப்பு கிடையாது. இதுவும் டி-க்கள் தொடர்ந்து வரும் பகுதியைத்தான் விரும்பும் என்பதை மறக்காதீர்கள்.

ஈரிழையை மட்டும் வைத்து அதே மருந்தோடு, அதாவது அந்தச் சிறு மூலக்கூறோடு, ஒருமுறை உருக்கிப் பார்த்தே ஆக வேண்டும். முதல் படி மேலேறி இரண்டாவது படி அசையாமல் இருந்தால்தான் அது மூவிழைக்கு உரிய மருந்து. மூன்றாம் இழை சேர்வது ஆமை வேகம். வெப்பத்தை நிமிடத்துக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

வேலன்:
செல்லுக்குள் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. தனியாக மிதக்கும் மருந்துக்கு உங்கள் மரபணு எது என்று தெரியாது. ஃபிரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற மரபுவழி நரம்பு நோயில் நீளும் ஜிஏஏ தொடர்களும் மூவிழையாக மடியக்கூடியவை. அவற்றை இறுக்கினால் அவை இருக்கும் எஃப்எக்ஸ்என் மரபணு இன்னும் அடங்கிப்போகலாம்.

கவின்:
அப்படியானால் மருந்தை இழையோடே கட்டிவிடலாமா?

தாமரை:
அதுதான் சரி. 1980களிலேயே அக்ரிடின் என்ற தட்டையான செருகு மூலக்கூறை இழை முனையில் இணைத்துச் செய்திருக்கிறார்கள். இடத்தைத் தேடுவது இழையின் வேலை, பிடித்து நிறுத்துவது மருந்தின் வேலை. இணைக்கும் கண்ணி ரொம்பக் குட்டையாக இருந்தால் அக்ரிடின் பேஸ்களுக்கு இடையில் நுழையாது. நீளத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள்.