மகன் கிழக்கு இந்தோனேசியாவில் ஒரு மலைக்கிராமத்தில் விவசாயம் செய்ய நினைக்கிறான். அங்கே பிழைக்க வழி உண்டா?

பெகு நெல்வயல் கேட்கிறார்:

பெரியோர்களுக்கு வணக்கம். பர்மாவில் பெகுவுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் நான்கு தலைமுறையாக நெல் பயிரிட்டு வரும் குடும்பம் எங்களுடையது. இளைய மகன் ஆறு ஆண்டுகளாக மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். உடன் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் ஒருத்தியை மணக்கப் போவதாகச் சொல்லிவிட்டான். அவர்களும் எங்களைப் போலவே கிறிஸ்தவ வேதக்காரர்கள் என்பதால் கோவில் காரியத்தில் சிக்கல் இல்லை. 2024-இல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு, ஊருக்குத் திரும்பி வா என்று அவனை அழைக்க எனக்கும் வாய் வரவில்லை.

என் கவலை வேறு. சேர்த்த பணத்தோடு அந்தப் பெண்ணின் ஊரில் குடியேறி, முந்திரியும் வனிலாவும் போடப் போகிறானாம். புளோரஸ் தீவுக்குக் கிழக்கே அடோனாரா என்ற சிறு தீவில் மலைச்சரிவில் இருக்கும் ஊர் அது. படங்கள் அனுப்பியிருக்கிறான். படத்தில் பச்சை தெரிகிறது, கிணறு தெரியவில்லை. அந்தப் பக்கம் போய்ப் பழகியவர்கள் யாராவது இருந்தால், அங்கே ஆண்டு முழுவதும் சோறு உண்டா, நிலம் அவன் கைக்கு வருமா என்று சொல்லுங்கள்.

முன்னாள் தோட்டக்காரன் எழுதுகிறார்:

ஐயா, மலேசியாவின் சபா மாநிலத்தில் செம்பனைத் தோட்டத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவன் நான். என்னோடு குலை வெட்டியவர்களில் பாதிப் பேர் அடோனாராவையும் கிழக்கு புளோரஸையும் சேர்ந்தவர்கள். ஒருமுறை நண்பர் ஒருவரோடு அவருடைய ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் தங்கினேன்.

கிணற்றைப் பற்றிக் கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. அங்கே மழை டிசம்பர் முதல் மார்ச் வரை, நான்கே மாதம். மீதி எட்டு மாதமும் வறட்சி. நம் பெகுவைப் போல வாய்க்கால் பாய்ச்சி நெல் நடும் ஊர் என்று நினைக்க வேண்டாம். சரிவில் குழி போட்டு மக்காச்சோளமும் மேட்டு நெல்லும் மரவள்ளியும் வைத்து, மழையை நம்பியிருப்பார்கள். மக்காச்சோளத்தை வறுத்து, சூடு ஆறுமுன் கையால் எடுத்துக் கல்லின்மேல் வைத்து, இன்னொரு கல்லால் ஓங்கித் தட்டி அவல் போல ஆக்குவார்கள். ஜாகுங் தித்தி என்று பெயர். அந்தப் பெண்களின் விரல் நுனி காய்ப்பேறியிருப்பதைப் பார்த்தால், அந்த அவலைச் சும்மா கொறிக்க மனம் வராது. முருங்கைக்கீரை வீட்டுக்கு வீடு உண்டு, பனை ஏறிக் கள் இறக்குகிறார்கள். எனக்கு அன்னிய நாடு போலவே தோன்றவில்லை.

இவையெல்லாம் வயிற்றுக்கு. கையில் காசு தருவது முந்திரி, கொப்பரை, கெமிரி என்னும் எண்ணெய்க்கொட்டை, வனிலா ஆகியவைதான். முந்திரியை உடைக்காமல் மூட்டையாகவே வியாபாரியிடம் போட்டுவிடுவதால், உடைத்துப் பருப்பாக்கும் லாபம் வேறு நாட்டுக்குப் போய்விடுகிறது. கஷ்டமான மாதத்தில் அரிசி வாங்க முன்பணம் பெற்றவன், காய் பழுக்குமுன்பே வியாபாரி சொன்ன விலைக்குக் கட்டுப்பட்டுவிடுகிறான். இதை ஈஜோன் என்கிறார்கள். நம் முன்னோர் பர்மாவில் அறிந்த சபபே என்னும் நெல் முன்பணக் கடனேதான். வனிலாவைப் பற்றியும் சொல்கிறேன்: கொடி காய்க்க மூன்று ஆண்டு ஆகும், பூ ஒரு காலைப்பொழுதுதான் மலரும், அதற்குள் ஒவ்வொரு பூவையும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும், பிறகு காய் முற்ற ஒன்பது மாதம். 2017-இல் மடகாஸ்கரில் புயல் அடித்தபோது உலகச் சந்தையில் விலை எகிறியது, பின்னர் சரிந்துவிட்டது. உச்ச விலையைக் கேள்விப்பட்டுக் கொடி நட்டவர்கள் பலர், காய்த்தபோது கிடைத்த விலையைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள்.

வெட்டு வேலைக்கும் நடவுக்கும் கூலி ஆள் தேட வேண்டியதில்லை. இன்று உன் கொல்லை, நாளை என் கொல்லை என்று கூட்டமாகச் சேர்ந்து முறைவைத்துச் செய்கிறார்கள். கெமோஹிங் என்பது அதன் பெயர். ஆனால் இளைஞர்கள் வெளியே போய்விட்டதால், நான் பார்த்த கூட்டத்தில் பெரும்பாலோர் நரைத்தவர்கள்.

ரங்கூன் ஆவணக்காரர் எழுதுகிறார்:

நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1960-ஆம் ஆண்டின் நிலச்சட்டப்படி, இந்தோனேசியாவில் முழு உரிமையோடு நிலம் வைத்துக்கொள்ள அந்நாட்டுக் குடிமக்களுக்கே தகுதி உண்டு. நம் நாட்டிலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவருக்கு இதைத்தான் சொல்கிறது என்பதால் நாம் வியப்படைய ஒன்றுமில்லை. சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் எழுதாமல் மணந்தால், மனைவி தன் பெயரில் நிலம் வாங்குவதிலும் சிக்கல் வரும். திருமணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தை எழுதலாம் என்று அவர்களின் அரசமைப்பு நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. தங்கும் அனுமதியை மனைவியின் பொறுப்பில் பெறலாம். அப்படித் தங்குபவர் குடும்பத்துக்காக உழைத்துச் சம்பாதிப்பதை 2011-ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் தடுக்கவில்லை.

காகிதத்தைவிடப் பெரியது அங்குள்ள வழக்கம். அடோனாராவில் வாழும் லமஹோலோட் மக்களிடம் நிலம் குலத்துக்குச் சொந்தம். அது மகன்வழியே போகும், மகளுக்குப் போகாது. பெண்தான் கணவன் வீட்டுக்குப் போவாள். ஆகவே உங்கள் மகன் அங்கே வீட்டோடு மாப்பிள்ளை. மைத்துனர்கள் மனம் வைத்தால் உழுது பயிரிடலாம். ஆண்டுப்பயிருக்கு இது போதும். முந்திரி மரமும் வனிலாக் கொடியும் வைப்பவனுக்குப் போதாது, ஏனென்றால் மரம் நட்டவனுக்கு நிலத்தில் உரிமை வந்துவிடுமோ என்று நாளைக்கு ஒருவர் கேட்பார். பெண்ணுக்குப் பரிசமாக யானைத் தந்தம் கேட்கும் வழக்கமும் அங்கே உண்டு. அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பெகு நெல்வயல்:

தந்தமா! அவன் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அரசாங்க உதவி நிறைய வருகிறது என்று மட்டும் சொல்கிறான்.

முன்னாள் தோட்டக்காரன்:

அது பொய்யில்லை, ஐயா. 2014-இல் கிராமச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரடியாகப் பணம் போகிறது. 2023-இல் அது சராசரியாக நூறு கோடி ரூபியாவுக்குச் சற்றுக் குறைவு. நான் தங்கிய ஊரில் சிமெண்ட் பாதையும் மின்சாரமும் கைபேசியும் வந்திருந்தன. தண்ணீரை மட்டும் வறட்சிக்காலத்தில் இன்னமும் விலைக்கு வாங்கினார்கள். அடோனாரா அடங்கிய கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில் 2023-இல்கூட ஐந்தில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார். அதோடு, 2021 ஏப்ரலில் செரோஜா புயலின்போது அடோனாராவில் மலைவெள்ளம் இறங்கி வீடுகளையும் மனிதர்களையும் வாரிக்கொண்டு போனது. ஊர் ஓடைக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்டு வையுங்கள்.

சிரியம் அக்கா எழுதுகிறார்:

எல்லோரும் நிலத்தையும் சட்டத்தையும் பேசுகிறீர்கள். அந்தப் பெண் ஏன் ஊரைவிட்டு வந்தாள் என்று யாராவது கேட்டீர்களா? ஒன்றும் விளையாத ஊரிலிருந்துதான் பெண் பிள்ளைகளைக் கடல் கடந்து வேலைக்கு அனுப்புவார்கள். திரும்பிப் போக ஆசைப்படுவது அவளா, உங்கள் மகனா? இன்னொன்று: அறுவடைக்காலத்தில் போனால் எந்த ஊரும் சொர்க்கமாகத்தான் தெரியும். பழைய தானியம் தீர்ந்து புதியது வராத ஜனவரி, பிப்ரவரியில் போய்த் தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் என்றால் அதற்கு முன் கல்யாணத் தேதி குறிக்க மாட்டேன்.

பெகு நெல்வயல்:

அக்கா கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. நேற்றிரவு அந்தப் பெண்ணோடு தொலைபேசியில் பேசினேன். மகன் நடுவில் இருந்து மொழிபெயர்த்தான், அதனால் முழுவதும் வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. அவளுக்கு மலைக்கு ஏறும் எண்ணமே இல்லையாம். அதே தீவிலுள்ள வாய்வெராங் பட்டணத்தில் சந்தைப் பக்கம் ஒரு சிறு கடை வைத்து, ஊர்க்காரர்களின் முந்திரியை நியாயமான எடைக்கு வாங்கி விற்க நினைக்கிறாள். தராசில் ஏமாந்த கதையைத் தன் தகப்பனிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவளாம். வனிலா முழுக்க முழுக்க என் மகனுடைய கனவு. ஜனவரியில் ஆறு வாரம் போய்வர ஒப்புக்கொண்டிருக்கிறான். ஓடையைப் பற்றிக் கேட்டதற்கு, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றாள்.