மலையகத்தார் உழைப்பு: கூலியோடு கணக்கு தீர்ந்ததா?

கொழும்புவாசி:
இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு இந்தியத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி 2023இல் ‘மலையகம் 200’ கூட்டங்கள் நடந்ததிலிருந்து ‘இந்த நாட்டைக் கட்டியதே நாங்கள்தான்’ என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. முதல் போட்டவன் வெள்ளைக்காரன். 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்டவர் ஜேம்ஸ் டெய்லர். தொழிலாளர்கள் கூலிக்கு வந்தார்கள், கூலி வாங்கினார்கள். தோட்டங்களுக்காகக் காணி இழந்த கண்டிக் கிராமத்துச் சிங்களவனை யாரும் பேசுவதில்லை. நாடு யாருக்குக் கடன்பட்டிருக்கிறது?

தோட்டத்து டீச்சர்:
அந்தக் காணி போனது 1840ஆம் ஆண்டின் அரச காணிச் சட்டத்தால் அண்ணன். அதை என் பூட்டன் எழுதவில்லை. அவர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தவர். கூட நடந்தவர்களில் எத்தனையோ பேர் காலராவில் வழியிலேயே போய்விட்டார்கள்.

கூலி வாங்கினோம் என்கிறீர்கள். என் அம்மா முப்பத்தொரு வருசம் கொழுந்து எடுத்தவ. அவ விரல் வெடிப்புகளில் தேயிலைச் சாயம் கருப்பாக ஏறியிருக்கும், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தி நிறுவையில், ‘ஈரம், சாக்கு’ என்று ஒரு கிலோ இரண்டு கிலோ கழிப்பார்கள். கேட்டால் மறுநாள் தூரத்து மலைக்கு அனுப்புவார்கள்.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. அன்றைக்கு நாட்டுக்கு வருமானம் கொடுத்தது தேயிலையும் ரப்பரும் தேங்காயும்தான். ஆனால் எங்கள் தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பெடுத்தது 1970களில். கடன் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

கூடலூரான்:
ரெண்டு பேருமே கணக்குப் புத்தகத்தைத் திறந்துட்டீங்க. எனக்கு அதுதான் பயமா இருக்கு.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கிச்சு. அதுக்கு முந்தின வருசத் தேர்தல்ல மலையகத்தாரோட கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ்ல 7 பேர் ஜெயிச்சிருந்தாங்க. பயந்தது அந்த வாக்குக்குத்தான், உழைப்புப் பத்தலைன்னு யாரும் சொல்லலையே. அப்புறம் 1964இல் ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம்னு. பிரிக்கப்பட்ட சனங்களை ஒரு வார்த்தை கேட்கலை.

எங்க அப்பா அப்படித்தான் நீலகிரிக்கு வந்தாரு. தமிழ்நாடு அரசோட டேன்டீ தேயிலைத் தோட்டத்துல திரும்பவும் அதே கொழுந்து வேலை. அங்கே ‘இந்தியாக்காரன்’, இங்கே ‘சிலோன்காரன்’. ரெண்டு நாட்டுக்கும் உழைச்சாரே, எந்த நாடு அவரைத் தன் ஆள்னு சொல்லிச்சு? உழைப்பைக் காட்டி உரிமை வாங்கலாம்ங்கிறது நடந்த கதையில்ல.

கொழும்புவாசி:
கூடலூரான் சொல்வதை ஏற்கிறேன். 1948 அநியாயம், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் டீச்சர், ‘நாங்கள் கட்டினோம்’ என்னும்போது மற்றவன் கட்டாதவன் ஆகிறான். மீனவன், நெல் விதைத்தவன் எல்லாம்? முத்தையா முரளிதரனின் தாத்தா தோட்டத்துக்கு வந்தவர், பேரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தான் என்று பெருமைப்படுகிறோம். விக்கெட் எடுக்காத பேரனுக்கு என்ன சொல்வது?

தோட்டத்து டீச்சர்:
அந்தப் பேரன்தான் என் வகுப்பில் இருக்கிறான் அண்ணன். அவன் ஒன்றும் சாதிக்காவிட்டாலும் இது அவன் நாடு, அதில் நாம் மூன்று பேரும் ஒன்று.

ஆனாலும் எங்கள் உழைப்பைப் பேசாமல் விட மாட்டேன். நீங்கள் சொன்ன ‘கூலிக்கு வந்தவர்கள்’ என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இன்றைக்கும் எங்களுக்குக் காணி மறுக்கிறார்கள். 2003 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற பெயர் தீர்ந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, இன்னும் காணி உறுதிப் பத்திரம் இல்லை, வீட்டுக்கு இலக்கமும் இல்லை. எல்லார் கடிதமும் தோட்டத்து ஆபிசுக்கே வரும். என் தம்பிக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து நாலாம் நாள்தான் கைக்குக் கிடைத்தது.