கரண்ட் போனா ஒரு செட்டிங், வந்தா ஒரு செட்டிங்: லேப்டாப்ல தானா மாறுமா?

பேட்டைக்காரன்:
அண்ணாச்சிமாரே, விண்டோஸ் 11 லேப்டாப். சார்ஜர்ல முழு வேகம் வேணும், கரண்ட் போனதும் அடங்கி ஓடணும். ஒவ்வொரு தடவையும் கையால மாத்தணுமா?

தாமிரபரணி:
வேண்டாம் தம்பி. ஒரே பவர் பிளான்லயே (கரண்ட் செலவுக்கான செட்டிங் தொகுப்பு) ரெண்டு கணக்கும் இருக்கு. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அப்புறம் அட்வான்ஸ்டு. ஒவ்வொண்ணுலயும் 'ஆன் பேட்டரி', 'பிளக்டு இன்'னு தனித்தனியா கேக்கும். 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்'ல பிளக்டு இன் 100, ஆன் பேட்டரி 99 போடுங்க. ஒரே ஒரு சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க. பெரும்பாலான இன்டெல் மெஷின்ல 100-க்குக் கீழ வந்தாலே டர்போ, அதாவது பிராசஸர் தேவைக்குத் தானா வேகத்தைக் கூட்டுறது, நின்னுரும். சூடும் விசிறிச் சத்தமும் அங்கதான் குறையும். சில புது மாடல்ல இந்த வரியே மறைஞ்சிருக்கும்.

பேட்டைக்காரன்:
போட்டாச்சு. சார்ஜரைப் பிடுங்குனா மாறுது, ஆனா நெசமா கரண்ட் போனா மாறலையே?

மேலப்பாளையம் சர்வீஸ்:
வீட்ல இன்வெர்ட்டர் இருக்கா? அதான் விஷயம். சார்ஜருக்கு 230 வோல்ட் வந்துக்கிட்டே இருக்கதால லேப்டாப் இன்னும் 'பிளக்டு இன்'னுதான் நினைக்கும். இன்வெர்ட்டர் இல்லாத பிளக்குக்கு மாத்துங்க. டெஸ்க்டாப்னா, யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ் வாங்கி இணைச்சா விண்டோஸ் அதையே பேட்டரியா எடுத்துக்கும்.

தாமிரபரணி:
ஒண்ணு விட்டுப்போச்சு. செட்டிங்ஸ்ல 'பவர் மோட்' மங்கலாத் தெரிஞ்சா, பிளானை 'பேலன்ஸ்டு'க்கு மாத்துங்க.