1952 மாடல் தீயணைப்பு வண்டி: ஹைட்ரண்டில் ஓடுகிறது, குளத்தில் தண்ணீர் எடுக்கவில்லை

மேப்பிள்மரம்:
வணக்கம். பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர். 1736லேயே பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் தன்னார்வத் தீயணைப்புக் குழு அமைத்த மாநிலம் இது. எங்கள் நிலையத்திலும் சம்பளக்காரர் யாரும் இல்லை. பழைய வண்டி ஒன்று ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே வரும். ஹைட்ரண்டில் (அழுத்தத்தோடு தண்ணீர் தரும் தெருவோரத் தீயணைப்புக் குழாய்) மாட்டினால் பம்ப் அருமையாக ஓடுகிறது. பத்தடி கீழே இருக்கும் குளத்தில் குழாயை இறக்கினால் வேக்குவம் கேஜ் (உறிஞ்சும் வலுவைப் பாதரச அங்குலத்தில் காட்டும் மானி) 7 அங்குலத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. குழாய் வாஷரெல்லாம் புதுசு. பம்பிலிருந்து காற்றை வெளியேற்றித் தண்ணீரை மேலே இழுக்கும் பிரைமரையே மாற்றிவிடலாமா?

கிணத்துமேடு:
அவசரப்படாதீங்க தம்பி. ஒரு அங்குலப் பாதரசத்துக்குத் தண்ணீர் சுமார் 1.13 அடி ஏறும். 7 என்றால் எட்டடி. உங்கள் தண்ணீர் குழாயில் பாதி வழிக்கு மேல் வந்து நிற்கிறது. எங்கோ காற்று இழுக்கிறது. ஹைட்ரண்டில் ஓட்டும்போது எங்கேயாவது ஒழுகுகிறதா?

மேப்பிள்மரம்:
பம்பைச் சுழற்றும் ஷாஃப்ட் பக்கம் பீச்சும் அண்ணே. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

கிணத்துமேடு:
அங்கேதான் விஷயம். தண்ணீரை வெளியே விடுகிற சந்து, உறிஞ்சும்போது காற்றை உள்ளே விடும். ஷாஃப்ட்டைச் சுற்றிச் சந்தை அடைக்கும் கிளாண்ட் கயிறு காய்ந்துபோயிருக்கும். ஊரில் என்றால் கிணற்று மோட்டாருக்குச் சாணியைக் கரைத்து ஊற்றிச் சமாளிப்போம். அங்கே வேண்டாம்!

டீசல்புகை:
முதலில் உலர் சோதனை செய்யுங்கள். பம்பை வடித்துவிட்டு, உறிஞ்சும் வாய்களுக்கு மூடி போட்டு, மற்ற வால்வுகளை மூடி, பிரைமரில் 22 அங்குலம் ஏற்றி நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் குறையக் கூடாது. இறங்கினால் இணைப்புகளில் ஷேவிங் நுரை தடவுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை உள்ளே போய்விடும்.

அப்புறம், அந்தக் காலத்துக் கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டாதீர்கள். நனைத்து, நல்ல முகக்கவசம் போட்டு எடுங்கள்.

மேப்பிள்மரம்:
சனிக்கிழமை பார்த்தோம். 22 ஏறியது, ஒரே நிமிடத்தில் 9க்கு இறங்கிவிட்டது. ஷாஃப்ட்டைச் சுற்றித் தடவிய நுரை கண்முன்னே மறைந்தது. வடிகால் வால்வு ஒன்றும் லேசாக இழுத்தது. பிரைமர் தப்பித்தது! கயிறு போடும்போது இறுக்கமாக முடுக்கலாமா?

கிணத்துமேடு:
கூடாது. கயிற்றுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். ஓடும்போது சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒரேயடியாக முடுக்கினால் கயிறு கருகி ஷாஃப்ட்டையும் தின்றுவிடும். வளையங்களின் வெட்டு வாய்கள் ஒரே நேராக வராமல் கால் சுற்று தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

மேப்பிள்மரம்:
போட்டாச்சு. ஐந்து நிமிடத்தில் 22லிருந்து 17. குளத்தில் இறக்கினோம், குழாய் ஒரு உலுக்கு உலுக்கியது, தண்ணீர் வந்துவிட்டது. கூடவே ஒரு தவளைக்குஞ்சும் குழாய் முனை வலையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

டீசல்புகை:
வலைவாயை இன்னும் இரண்டடி ஆழத்தில் இறக்குங்கள், கரையோரம் வேண்டாம். வடிகால் வால்வை மறந்துவிடாதீர்கள்.