தக்காளி நாற்று க்ரோ லைட்டுக்குக் கீழே வெளிறி நீள்கிறது, உதவி தேவை

வேளச்சேரி ஹால்தோட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பால்கனியை ஒட்டியே பக்கத்து அடுக்குமாடி நிற்பதால் வெயில் துளிகூட வராது. அதனால் ஹாலில் ஒரு இரும்பு ரேக் வைத்து தக்காளி, மிளகாய் விதை போட்டேன். கொஞ்சம் வளர்ந்ததும் தாம்பரத்தில் இருக்கும் அம்மா வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். மேலே ஊதா நிற எல்.ஈ.டி. க்ரோ லைட் (செடி வளர்க்கும் விளக்கு), நாற்றிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், காலை 6 மணியிலிருந்து இரவு 8 வரை எரிகிறது. பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது. எல்லாம் நன்றாக முளைத்தது, ஆனால் தக்காளி நூல் மாதிரி நீண்டு சாய்கிறது, மிளகாய் வளராமல் அப்படியே நிற்கிறது. உரம் போட வேண்டுமா, விளக்கை மாற்ற வேண்டுமா?

பெரம்பூர் மாடி:
முதலில் ஒன்று சொல்லுங்கள். சாய்ந்த நாற்றின் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்து, ஒடுங்கி இருக்கிறதா? இருந்தால் அது நாற்றழுகல், ஈரம் அதிகமானால் வரும் பூஞ்சை. அதற்கு வைத்தியம் வேறு.

வேளச்சேரி ஹால்தோட்டம்:
இல்லை சார், தண்டு அடிவரை வெளிர் பச்சைதான். இலைக்கு இலை இடைவெளி மட்டும் அதிகம்.

பெரம்பூர் மாடி:
அப்படியானால் வெளிச்சம் போதவில்லை. உரம் இப்போது வேண்டாம், வெளிச்சம் இல்லாத நாற்றுக்கு உரம் கொடுத்தால் இன்னும் மெலிந்து நீளும். விளக்கை இறக்குங்கள். சிறிய விளக்கென்றால் தூரம் இரண்டு மடங்கானால் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும், இரண்டரை அடி மிக அதிகம். ஒரு அடிக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் கவனியுங்கள், இலை ஓரம் சுருண்டாலோ வெளுத்தாலோ சற்று ஏற்றுங்கள். அந்த 1000 வாட்டையும் அப்படியே நம்பாதீர்கள். உண்மையில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது அடாப்டரிலோ விளக்கின் பின்பக்கமோ சிறிய எழுத்தில் இருக்கும், பல மலிவு விளக்குகளில் அது 50 வாட்டைக்கூடத் தொடாது.

வேளச்சேரி ஹால்தோட்டம்:
பார்த்தேன், 24 வாட் என்று இருக்கிறது! ஆனால் ஹாலே பளிச்சென்று இருக்கிறதே, அது எப்படி?

மயிலாப்பூர் கீரை:
நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிவிடும் தம்பி, அதனால் கண்ணை வைத்து அளக்கவே கூடாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள், நல்ல வெளிச்சமான ஹாலில் 500 லக்ஸ் இருந்தால் பெரிய விஷயம், வெளியே உச்சி வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை போகும். என்னைக் கேட்டால் ஊதா விளக்கே வேண்டாம். செடி சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சுவது உண்மைதான், ஆனால் பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிறது, அதைவிட முக்கியம், ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதோ பூச்சி வருவதோ நம் கண்ணுக்குத் தெரியாது. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் நாலடி, 20 வாட், 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி நிறம்) வெள்ளை எல்.ஈ.டி. டியூப் இரண்டை அருகருகே ரேக்கில் கட்டி, நாற்றுக்கு அரை அடி மேலே வையுங்கள். நாற்று வளர வளர ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் கீரை, கொத்தமல்லி, நாற்று எல்லாம் இப்படித்தான் வருகிறது. 14 மணி நேரம் போதும், இரவில் அணைத்துவிடுங்கள், ஒரு டைமர் போட்டால் மறதிக்கே இடமில்லை. கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம், இரண்டு டியூபும் சேர்த்து இரண்டு மாதத்துக்குச் சுமார் 34 யூனிட்தான்.

வேளச்சேரி ஹால்தோட்டம்:
ரொம்ப நன்றி அக்கா, டியூபே வாங்கிவிடுகிறேன். நீண்டுபோன நாற்றுகளைத் தூக்கிப் போடுவதா?

பெரம்பூர் மாடி:
தக்காளியைப் போடாதீர்கள், மாற்றி நடும்போது முதல் இலைக்குக் கீழ்வரை தண்டை மண்ணில் புதைத்துவிடுங்கள், புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாயை அவ்வளவு ஆழம் வைக்க வேண்டாம். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள், லேசாக ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

மயிலாப்பூர் கீரை:
தாம்பரத்துக்குக் கொண்டுபோகும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். விளக்கில் வளர்ந்த இலை நம் ஊர் வெயிலை நேராகத் தாங்காது, ஒரே மதியத்தில் வெளுத்துக் கருகிவிடும். முதல் இரண்டு நாள் நிழலில், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்கு விடுங்கள். கோடையாக இருந்தால் பச்சை நிழல்வலையை அம்மாவிடம் இப்போதே கட்டிவைக்கச் சொல்லுங்கள்.