விருச்சிகத்தின் காமா ஒளி: எலக்ட்ரானா, புரோட்டானா?

டர்பன்_வானோக்கி: ஜூலையில் இரவானால் நம் டர்பனில் விருச்சிகம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அதில் ஆர்எக்ஸ் ஜே1713 என்றொரு சூப்பர்நோவா எச்சம், அதாவது வெடித்த விண்மீனின் மிச்சம், உண்டு. நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் எடுத்த அதன் காமா கதிர்ப் படம் 2004இல் வெளியானது. அந்தக் கதிர்களை உண்டாக்குவது எலக்ட்ரான்கள்தான் என்கிறேன். பெருவெடிப்பில் மிஞ்சிய நுண்ணலை ஃபோட்டான்களோடு (ஒளித்துகள்களோடு) மோதி, தம் ஆற்றலை அவற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன.

சாட்ஸ்வர்த்_ஆசிரியை: எனக்கு உடன்பாடில்லை தம்பி. நுண்ணலை ஃபோட்டானிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 0.0006 எலக்ட்ரான்வோல்ட். ஹெஸ் பார்த்ததோ லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட். புரோட்டான்கள் வாயு மேகங்களில் மோதினாலும் காமா கதிர் வரும். காமா ஒளியும் வாயு அடர்ந்த பக்கத்தில்தானே கூடுதலாக இருக்கிறது?

டர்பன்_வானோக்கி: அக்கா, அந்த இடைவெளியைத் தாண்ட முடியும். 1923இல் காம்ப்டன் கண்டது, நின்ற எலக்ட்ரானில் மோதிய எக்ஸ் கதிர் ஆற்றல் இழப்பதை. இங்கே எலக்ட்ரான் ஓடுகிறது. ஓடும் எலக்ட்ரானின் பார்வையில் எதிரே வரும் ஃபோட்டானின் ஆற்றல் பல மடங்கு பெருகும். சிதறி நம் பார்வைக்குத் திரும்பும்போது அதே அளவு இன்னொரு தரம் பெருகும். எலக்ட்ரானின் ஆற்றல் அதன் ஓய்வாற்றலைப் போல், அதாவது நிற்கும்போதே அதனிடம் உள்ள ஆற்றலைப் போல், 3.4 கோடி மடங்கு என்றால், அந்த எண்ணின் வர்க்கத்தை மூன்றில் நான்காலும், பிறகு ஃபோட்டானின் 0.0006 எலக்ட்ரான்வோல்ட்டாலும் பெருக்குங்கள். சராசரியாக லட்சம் கோடி வந்துவிடும்.

கேப்டவுன்_மாணவன்: அப்படியானால் விண்மீன் ஒளியில் மோதினால் இன்னும் அதிகம் வருமே?

டர்பன்_வானோக்கி: வராது. அந்த வேகத்தில் எலக்ட்ரானின் பார்வையில் விண்மீன் ஒளி, 5.11 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் என்ற ஓய்வாற்றலையே வெகுவாகத் தாண்டிவிடும். அப்புறம் மோதும் வாய்ப்பே சரிந்துவிடும். இயற்பியலாளர்கள் க்ளைனும் நிஷினாவும் 1929இல் தந்த சூத்திரம் இதைத்தான் சொல்கிறது.

சாட்ஸ்வர்த்_ஆசிரியை: கணக்கு சரி, ஏற்கிறேன். ஆனால் காந்தப்புலத்தை விட்டுவிட்டீர்கள். அந்த எச்சத்தின் எக்ஸ் கதிர்ப் புள்ளிகள் சில ஓராண்டிலேயே மாறியதை 2007இல் காட்டினார்கள். அவ்வளவு சீக்கிரம் மாற வேண்டுமானால் புலம் மிக வலுவாக இருக்க வேண்டும். வலுவான புலத்தில் எலக்ட்ரான் தன் ஆற்றலைப் பெரும்பாலும் எக்ஸ் கதிராகவே செலவழித்துவிடும். நுண்ணலை ஃபோட்டானுக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்?

டர்பன்_வானோக்கி: அவை சின்னச் சின்ன முடிச்சுகள். முழு எச்சத்துக்கும் அந்தப் புலத்தைப் பொருத்தக் கூடாது. ஃபெர்மி செயற்கைக்கோள் 2011இல் கண்ட காமா கதிர் நிறமாலையும் (எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் என்ற பங்கீடு) எலக்ட்ரான் பக்கமே சாய்கிறது.

சாட்ஸ்வர்த்_ஆசிரியை: வாயு திட்டுத்திட்டாக இருந்தால், அதிக ஆற்றலுள்ள புரோட்டான்கள் மட்டுமே உள்ளே நுழையும். அதே நிறமாலை அப்படியும் வரும். புரோட்டான் மோதலில் நியூட்ரினோ என்ற நுண்துகளும் பிறக்கும். அங்கிருந்து அது வந்தால் என் பக்கம் வாருங்கள்; எலக்ட்ரான், ஃபோட்டான் சிதறலில் அது பிறக்காது. அதுவரை எலக்ட்ரானை மட்டும் காரணமாகச் சொல்ல விடமாட்டேன்.