ஆங்கிலத்தில் பந்தி எழுதப் பழகுவது: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

புதிதாக வந்தவர்களுக்குக் கனடா அரசின் காசில் நடக்கும் லிங்க் ஆங்கில வகுப்பில் ஒரு வாரம் சம்பவப் பந்தி, மறு வாரம் ஒப்பீட்டுப் பந்தி, அடுத்த வாரம் செய்முறைப் பந்தி என்று எழுதச் சொல்கிறார்கள், இதெல்லாம் வேலைக்கு உதவுமா, பேசாமல் நின்றுவிடலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்.

நிற்காதீர்கள், தங்கச்சி. எங்கள் ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் வகுப்பை விடுகிறார்கள். குடியுரிமைக்கு 18 முதல் 54 வயது வரையானவர்களிடம் பேச்சிலும் கேட்டலிலும் மட்டும்தான் சீஎல்பி (கனடாவின் மொழித்தர அளவுகோல்) 4 கேட்கிறார்கள், எழுத்தைக் கேட்பதில்லை. அதனால் நாலு வந்ததும் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர், வேலையிடம், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எங்கே பிரச்சினை வந்தாலும் கடைசியில் "எழுத்தில் தாருங்கள்" என்பார்கள். சீஎல்பி 5இல் ஒரு பந்தி ஒழுங்காக எழுத வேண்டும். 7க்கு வரும்போது தொடர்புள்ள இரண்டு மூன்று பந்திகள். இந்தப் படிதான் உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் படி.

முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒழுங்கு. நாங்கள் சுகம் விசாரித்து, நிலைமையை விளக்கி, கடைசியில்தான் கேட்க வந்ததைக் கேட்போம். எங்கள் ஊரில் அது மரியாதை. ஆங்கிலப் பந்தியில், அதுவும் அலுவல் எழுத்தில், முதல் வசனத்திலேயே விஷயம் வரவேண்டும். விளக்கமெல்லாம் அதற்குப் பிறகு.

பேஸ்மன்டில் இருக்கிறீர்கள், குளியலறைக் கூரை ஒழுகுகிறது என்று வையுங்கள். வழக்கமாக எப்படி எழுதுகிறோம்? போன மாதம்தான் வந்தோம், சின்னப் பிள்ளை இருக்கிறது, பிள்ளைக்கு இருமல், நீங்கள் நல்ல மனிதர் என்று போய், ஒழுகலே ஆறாவது வரியில்தான் வரும். வீட்டுக்காரர் அதுவரை வாசிக்கமாட்டார். இப்படி எழுதுங்கள்: குளியலறைக் கூரை திங்கட்கிழமை முதல் ஒழுகுகிறது, திருத்தித் தரவேண்டும். இது முதல் வசனம். அப்புறம் விவரணை: எந்த மூலை, எவ்வளவு பெரிய ஈரம், எப்போதும் ஒழுகுகிறதா, மேலே குளிக்கும்போது மட்டுமா. கடைசியாக, திருத்த வருபவருக்கு நீங்கள் எந்த நேரம் வீட்டில் இருப்பீர்கள் என்பது. விவரணைப் பந்தி என்று வகுப்பில் பழக்குவது இதற்குத்தான். "மிக மோசம்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. "சாப்பாட்டுத் தட்டு அளவு ஈரம்" என்றால் விளங்கும்.

ஒன்ராறியோவில் வாடகை வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அவர் செய்யாவிட்டால் வீட்டுக்காரர், வாடகையாளர் பிணக்குகளை விசாரிக்கும் சபைக்குப் போகலாம். அங்கே திகதியோடு அனுப்பிய மின்னஞ்சல் உங்கள் கையில் இருக்கும் சாட்சி. (கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதை வைத்தே உங்களை வெளியேற்றக் கேட்கலாம்.)

அடுத்து சம்பவப் பந்தி. தொழிற்சாலையிலோ கிடங்கிலோ வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் பழக வேண்டும். வேலையில் காயம் பட்டால் டபிள்யூஎஸ்ஐபி என்ற ஒன்ராறியோவின் வேலைக்காய நட்டஈட்டுச் சபைக்குத் தொழிலாளி நிரப்பும் ஆறாம் இலக்கப் படிவத்தில், என்ன நடந்தது என்று நீங்களே எழுதவேண்டும். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த வேலையில், எவ்வளவு பாரமான பெட்டியைத் தூக்கும்போது, உடம்பில் எந்த இடம், உடனே யாரிடம் சொன்னீர்கள் என்று நடந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள். மேற்பார்வையாளர் எப்படிப்பட்டவர் என்ற உங்கள் கருத்து அதற்குள் வேண்டாம். வசனமெல்லாம் சாதாரண இறந்தகாலத்தில் இருக்கட்டும். எங்கள் ஆட்கள் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் 'ஹேட்' (had) போடுவார்கள். அப்படிப் போட்டால் எது முதலில் நடந்தது என்பதே குழம்பிவிடும்.

செய்முறைப் பந்தி லேசு. கட்டளை வினை, ஃபர்ஸ்ட், தென், ஆஃப்டர் தட், அவ்வளவுதான். ஒப்பீட்டில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்: ஒன்றைப் பற்றி முழுக்க எழுதிவிட்டு மற்றதுக்குப் போகாமல் வாடகைக்கு வாடகை, தூரத்துக்குத் தூரம் என்று வைத்து எழுதினால் சின்னப் பந்திக்குள் அடங்கும்.

கருத்துப் பந்தி சோதனை எடுப்பவர்களுக்கு முக்கியம். குடிவரவுக்கு எடுக்கும் ஆங்கிலச் சோதனையான செல்பிப்பின் இரண்டாவது எழுத்துப் பகுதியில் இரண்டு தெரிவுகளைத் தந்து ஒன்றைத் தேர்ந்து காரணம் சொல்லச் சொல்வார்கள். 26 நிமிடம், 150 முதல் 200 சொற்கள். இரண்டும் நல்லதுதான் என்று பொதுவாக எழுதி நேரத்தைப் போக்காதீர்கள். ஒரு பக்கம் நில்லுங்கள், இரண்டு காரணம் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம் கொடுங்கள். மற்ற ஆங்கிலச் சோதனையான ஐயெல்ட்ஸில் பொதுப்பிரிவு எடுப்பவர்கள் 250 சொல் கட்டுரைக்கு 40 நிமிடத்தை ஒதுக்குங்கள். முதலில் வரும் 150 சொல் கடிதத்தைவிட அதற்கு இரண்டு மடங்கு மதிப்பு.

போனில் தமிழில் எழுதி மொழிபெயர்த்து அனுப்பலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சொற்கள் சரியாக வரும். ஆனால் ஒழுங்கு நீங்கள் எழுதியபடியேதான் இருக்கும், கேட்க வந்தது அங்கேயும் கடைசியில்தான் கிடக்கும். அதனால் பந்தியின் முதல் வசனத்தையாவது நீங்களே ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

வீட்டில் பழக ஒரு வழி: ஒரே விஷயத்தை எடுத்து எல்லா வகையிலும் எழுதிப் பாருங்கள். வீடு மாறியதை எடுத்தால், மாறிய நாளைச் சம்பவமாக எழுதலாம். முகவரி மாற்றுவதைச் செய்முறையாக எழுதலாம் (ஒன்ராறியோவில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு 6 நாளுக்குள், ஹெல்த் கார்டுக்கு 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், தகவலும் மனதில் நிற்கும்). பழைய வீட்டையும் புது வீட்டையும் ஒப்பிடலாம். பேஸ்மன்டா அப்பார்ட்மென்டா என்று கருத்துச் சொல்லலாம். சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் பாரம் குறையும், வடிவம் மட்டும் மாறும். ரீச்சர் திருத்தித் தந்த தாள்களை வகுப்புக் கோப்பில் பத்திரமாக வையுங்கள். உங்களை அடுத்த நிலைக்கு ஏற்றும்போது அவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு அவசரமான விஷயம். லிங்க் இலவசம், ஆனால் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் அகதிப் பாதுகாப்புக் கிடைத்தவர்களுக்கும்தான். குடியுரிமை எடுத்தால் அந்தத் தகுதி போய்விடும். ஆகவே எழுத்து நிலைகளை அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள், ஒன்ராறியோ அரசின் காசில் பள்ளிச் சபைகள் நடத்தும் பெரியவர்களுக்கான ஈஎஸ்எல் ஆங்கில வகுப்புகளை விசாரியுங்கள்.